41 என்றால் வயலின்

கணினியிலிருந்து கீபோர்டுக்குப் போகும் ஒயரில் 192, 40 என்று இரண்டே எண்கள் போகின்றன. அதுவரை பியானோவாக ஒலித்த கீபோர்டு, அடுத்த ஸ்வரத்திலிருந்து வயலினாக மாறிவிடுகிறது. ஒயர் வழியே வயலின் ஒலி எதுவும் வரவில்லை. ஒலி முழுவதும் கீபோர்டுக்குள்ளேயே இருக்கிறது; எதை எடுத்து ஒலிக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும்தான் வெளியிலிருந்து வருகிறது. அந்த உத்தரவின் மொழிக்குப் பெயர் மிடி.

போட்டியாளர்கள் சேர்ந்த கதை

1980-களின் தொடக்கத்தில், ஒரு நிறுவனத்தின் சிந்தசைசரை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு இணைப்பது பெரும்பாடு. கலிபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டேவ் ஸ்மித், எல்லாக் கருவிக்கும் பொதுவான ஓர் இணைப்பு வேண்டும் என்று 1981-ல் சக பொறியாளர் செட் வுட்டோடு சேர்ந்து ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷிக்கும் அதே எண்ணம் இருந்தது. 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் புரோஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 இரண்டையும் ஒரே கேபிளில் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. இந்தப் பணிக்காக 2013-ல் ஸ்மித், ககேஹாஷி இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

இரண்டு பைட்டின் வேலை

அந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 192 என்பது இரும எண்ணில் 11000000. முதல் பிட் 1 என்றால், வருவது கட்டளை என்று பொருள். முதல் நான்கு பிட்டுகளான 1100, ‘ஒலியை மாற்று’ என்கின்றன. இதுதான் புரோகிராம் சேஞ்ச். கடைசி நான்கும் எந்தச் சேனலுக்கு என்று சொல்கின்றன. நான்கு பிட்டில் 16 எண்கள் அடங்கும் என்பதால், மிடியில் 16 சேனல்கள்.

அடுத்து வரும் 40-ன் முதல் பிட் 0. அது கட்டளை அல்ல, தகவல் என்பதற்கான அடையாளம். மீதி ஏழு பிட்டில் 0 முதல் 127 வரை, ஆக 128 ஒலிகளைக் குறிக்கலாம். மிடி ஒயரில் வினாடிக்கு 31,250 பிட்டுகள் போகும். ஆகவே, இந்த உத்தரவு போய்ச் சேர ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை.

40-ஆம் எண்ணில் என்ன ஒலி இருக்கும்? ஆரம்பத்தில் அது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். ஒரு கீபோர்டுக்காக அமைத்த பாட்டை இன்னொன்றில் போட்டால், வயலின் வரவேண்டிய இடத்தில் டிரம்பெட் அலறலாம். 1991-ல் வந்த ‘ஜெனரல் மிடி’ இதற்கு முடிவு கட்டியது. 1 கிராண்ட் பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல் என்று 128 ஒலிகளுக்கும் நிலையான வரிசை எண் கிடைத்தது. 10-ஆம் சேனல் தாளக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டது.

ஒயரில் 40, பட்டியலில் 41 என்ற வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. கருவி 0-விலிருந்து எண்ணுகிறது, பட்டியல் 1-லிருந்து. 0-விலிருந்து எண்ணும் மென்பொருளில் 41 என்று கொடுத்தால், வயலினுக்குப் பதில் வியோலா ஒலிக்கும்.

128 போதாதபோது கைகொடுப்பது பேங்க் செலக்ட். புரோகிராம் எண்ணை வீட்டு எண் என்று கொண்டால், பேங்க் எண் தெருவின் பெயர். கன்ட்ரோலர் 0, கன்ட்ரோலர் 32 ஆகிய இரண்டு செய்திகளால் 16,384 பேங்குகளைக் குறிக்க முடியும். ஆனால், பேங்க் செய்தி மட்டும் போனால் எதுவும் மாறாது. அதைத் தொடர்ந்து புரோகிராம் சேஞ்சும் போனால்தான் ஒலி மாறும். வரிசை தப்பினால் வேறு ஒலி வரும். சில கருவிகளுக்குப் புதிய ஒலியை எடுக்கச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், ஸ்வரம் விழும் இடத்திலேயே உத்தரவை வைக்காமல், அதற்கு முந்தைய இடைவெளியில் வைப்பது நல்லது. 2020-ல் வெளியான மிடி 2.0-ல் பேங்க், புரோகிராம் இரண்டும் ஒரே செய்தியில் போகின்றன.

நம் கருவிகளுக்கு எண் எங்கே?

ஜெனரல் மிடி பட்டியலில் ஜப்பானின் ஷாமிசென் 107, கோட்டோ 108. நம் நாட்டிலிருந்து சிதார் 105, ஷெனாய் 112. வீணை இல்லை, நாகஸ்வரம் இல்லை. தாளக் கருவிகளில் பிரேசிலின் கூய்க்காவுக்குக்கூட இடம் இருக்கிறது. மிருதங்கத்துக்கு இல்லை, தபலாவுக்கும் இல்லை.

இந்தியச் சந்தைக்கென வரும் கீபோர்டுகளில் இந்திய ஒலிகளைத் தனியாகச் சேர்த்துத் தருகிறார்கள். ஆனால், அவற்றின் எண்கள் அந்தந்த நிறுவனம் வைத்தவை. ஒரு மாடலில் வீணைக்காக அமைத்த இசைக்கோப்பு, வேறு நிறுவனத்தின் மாடலில் வீணையாகவே ஒலிக்கும் என்று நம்ப முடியாது. 1991-க்கு முன் உலகம் பட்ட பாடுதான் இது.

இதைத் தீர்க்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பேங்குகளில் நம் கருவிகள் அனைத்துக்கும் தாராளமாக இடம் உண்டு. 1983-ல் போட்டி நிறுவனங்களே ஒன்றாக உட்கார்ந்து பேசின. நம் இசையமைப்பாளர்களும், கீபோர்டு கலைஞர்களும், மாதிரி ஒலிகளைப் பதிவு செய்யும் பொறியாளர்களும் அதேபோல் உட்கார்ந்து, வீணைக்கு இந்த எண், நாகஸ்வரத்துக்கு இந்த எண் என்று ஒரு பட்டியலை முடிவு செய்ய வேண்டும். அதை நமக்காக வேறு யாரும் செய்து தரமாட்டார்கள்.