தொழில்முனைவோர் பாடத்தில் இல்லாத அத்தியாயம்

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சுற்றி எத்தனை தொழில்கள்! 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலை, சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், மலையடிவாரத்து மாந்தோப்புகள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. இவற்றில் நம் மக்களின் வியர்வை படாத தொழில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடைவீதியில் நடந்து போய்ப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். நம் தெருவிலிருந்து வந்தவர் முதலாளியாக இருக்கும் கடைகளை எண்ண எத்தனை விரல் வேண்டும்?

இதே ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் வணிகவியல், வணிக நிர்வாகவியல் வகுப்புகளில் 'தொழில்முனைவோர் மேம்பாடு' என்றொரு பாடம் படிக்கிறார்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்துக்குப் பிறகு திறன் பயிற்சி என்ற பேச்சு எல்லாத் துறை மாணவர்களையும் எட்டியிருக்கிறது. நல்லதுதான். படித்தவர்கள் எல்லோருக்கும் அரசு வேலை கிடைக்கப்போவதில்லை என்பதும், தனியாரில் இடஒதுக்கீடு இல்லை என்பதும் தெரிந்த கதை. சொந்தத் தொழில் என்பது நமக்கு ஆடம்பரக் கனவல்ல.

பாடப்புத்தகம் என்ன சொல்கிறது? தொழில்முனைவோருக்குத் துணிச்சல் வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும், இடர் ஏற்கும் மனம் வேண்டும். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. துணிச்சலுக்கு நம் பிள்ளைகளிடம் குறைவில்லை. தினக்கூலியில் மூன்று பிள்ளைகளைப் பட்டம் வரை இழுத்துவந்த தாயைவிட இடர் ஏற்றவர் யார்? இல்லாதது வேறு. தோற்றால் தாங்கிக்கொள்ள மாமன் கடை இல்லை. அடகு வைக்கப் பத்திரம் இல்லை. பஜாரில் 'நம்ம பையன்' என்று சொல்லி ஒரு மாதத் தவணைக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி இல்லை. பக்கத்து இருக்கை மாணவனுக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிட்ட இந்த மூன்றையும் பாடம் 'தனிமனிதத் திறமை' என்ற கணக்கில் எழுதிவிடுகிறது.

கணக்கு வேண்டுமென்றால் அரசே தந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2013-14 ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் தனியார் உரிமை நிறுவனங்களில் அவர்கள் கையில் இருந்தவை சுமார் 11 சதவீதம். அவற்றிலும் எத்தனை தள்ளுவண்டி, எத்தனை ஒற்றை ஆள் தொழில் என்பது நம் தெருவைப் பார்த்தாலே தெரியும்.

இந்த வகுப்பில் முதல் பாடமாக வைக்கவேண்டிய ஒரு வரலாறு உண்டு. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அந்த நகரத்தில் அன்று அவரைவிட அந்த வேலைக்குத் தகுதியானவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். தொழில் மூடப்பட்டது. 1918-இல் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். மாணவர்கள் விரும்பிக் கேட்டார்கள். சக பேராசிரியர்களோ தங்கள் தண்ணீர்க் குடத்தை அவர் தொடக்கூடாது என்றார்கள். தோல்விக்குக் காரணம் திட்ட அறிக்கையா, சந்தையா, சாதியா என்று இந்த ஒரு நிகழ்வை வைத்து ஒரு மணி நேரம் விவாதித்தால் மாணவர்களுக்குப் பத்து வரையறைகளைவிட அதிகம் புரியும். அம்பேத்கரைச் சட்டமேதை என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். வணிகவியல் மாணவர்களுக்குப் பாடம் எடுத்த பொருளாதாரப் பேராசிரியர் அவர்.

நூறு ஆண்டு பழைய கதை என்று தள்ளவும் முடியாது. நம் பிள்ளை பால்கோவாத் தொழில் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாடு வளர்ப்பதும் பால் கறப்பதும் அவள் வீட்டில் தெரிந்த வேலை. விறகடுப்பின் முன் நின்று பாலைச் சுண்டக் காய்ச்சிய கைகளும் தெருவில் உண்டு. ஆனால் 'சாப்பாட்டுச் சாமான் வேண்டாம்மா, வேறு ஏதாவது பார்' என்று முதலில் சொல்பவர்கள் வீட்டார்தான். சமைத்தவர் யார் என்று கேட்டு வாங்கும் ஊரில் அவர்கள் பயம் பொய்யல்ல. பள்ளிச் சத்துணவில் சமையலரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த செய்திகளை இந்த நாளிதழ் வாசகர்கள் படித்தவர்கள்தானே. சந்தை ஆய்வு என்ற பாடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கவேண்டாமா? வெளியூர் மொத்த விற்பனை, இணையவழி விற்பனை, சொந்த முத்திரை என்று வழிகள் இருக்கின்றன. பிரச்சினையைப் பெயர் சொல்லி அழைத்தால்தான் அந்த வழிகளை எடைபோட முடியும்.

அடுத்தது வங்கி. தமிழக அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம். உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். அதோடு 6 சதவீத வட்டி மானியம். பத்து லட்சம் ரூபாய்த் தொழில் என்றால் அரசு தருவது மூன்றரை லட்சம். மீதி ஆறரை லட்சத்துக்கு வங்கி மனம் வைக்கவேண்டும். சிக்கல் அங்கேதான். 'வீட்டுப் பத்திரம் இருக்கா?' என்ற ஒரு கேள்வியோடு திரும்பி வந்தவர்களை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். சிறு, குறு தொழில்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்று 2010-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. இந்த ஒரு வரி தெரிந்த மாணவர் மேலாளர் முன் உட்காரும் விதமே வேறாக இருக்கும். 2016-இல் வந்த 'ஸ்டாண்ட் அப் இந்தியா'வும் ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்குக் கடன் தரவேண்டும் என்றே வகுக்கப்பட்டது. உங்கள் ஊர்க் கிளையில் அது யாருக்குப் போனது என்று கேட்டுப் பார்க்கலாம், நல்ல களப்பணி.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வணிக யோசனைப் போட்டி' நடத்திக் கோப்பை கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, பிள்ளைகளைச் சத்திரப்பட்டித் தறிக்குக் கூட்டிப்போங்கள். நூல் என்ன விலைக்கு வருகிறது, ஒரு சுருள் துணிக்குக் கூலி எவ்வளவு, அது மருத்துவமனைக்குப் போகும்போது விலை என்ன, நடுவில் எத்தனை கை மாறுகிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள். தறி ஓட்டுபவரின் மகள் அந்த வகுப்பில் இருந்தால் அன்று பாடம் சொல்லப்போவது அவள்தான். மத்திய அரசின் கொள்முதல் விதிகளில் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு, குறு நிறுவனங்களுக்கு 4 சதவீதம் ஒதுக்கீடு இருப்பதையும் அந்த இடத்திலேயே சொல்லலாம். பேண்டேஜ் வாங்குவதில் அரசு மருத்துவமனைகள் பெரிய வாடிக்கையாளர்கள் அல்லவா?

இறுதியாண்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: அண்ணல் அம்பேத்கர் திட்டத்துக்குப் பட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்குக் கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. பதினெட்டு வயது நிறைந்திருந்தால் போதும். சாதிச் சான்று, ஆதார், திட்ட அறிக்கை, இயந்திரங்களுக்கான விலைப்புள்ளி ஆகியவற்றைத் தயார் செய்துகொண்டு விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். 'உத்யம்' பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குக் காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி வாங்குங்கள்.