கேபினட் வாங்கும் முன்

கேம் ஆட கம்ப்யூட்டர் சேர்க்கும் நண்பர்களே, சென்னை ரிச்சி தெருவில் கலர் விளக்கோடு மின்னும் கேபினட்டைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வீட்டில் சீட்டு எடுத்துத் தரும் பணம் அது. நம்ம வில்லியனூர், பாகூர்ப் பக்கம் ஏ.சி. இல்லாத அறையில், மே மாத வெக்கையில் ஓட வேண்டிய பெட்டி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால் காற்று எப்படி நுழையும்? கிராபிக்ஸ் கார்டு அதிகம் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் போச்சு! முன்புறம் வலை, கழற்றிக் கழுவத் தூசி வடிகட்டி, காற்றை இழுக்க முன்னால் இரண்டு ஃபேன், வெளியே தள்ளப் பின்னால் ஒன்று: இவை இருந்தால் போதும். கார்டு உள்ளே பொருந்துமா என்று மட்டும் நீளம் பாருங்க. சில கார்டுகள் 300 மி.மீ. தாண்டும்.

விளக்கில் மிச்சமாகும் பணத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போடுங்கள். கேபினட்டோடு சேர்த்துத் தரும் பேர் தெரியாதது வேண்டவே வேண்டாம். அது புகைந்தால் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனாலும் போகும்.