பொம்மைக்காரர் வீட்டுத் துவையல்

2025ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் கர்நாடகத்தின் கொப்பள மாவட்டம், மோரனாள் சிற்றூரைச் சேர்ந்த 96 வயது மூதாட்டி பீமவ்வா தொட்டபாளப்பா சிள்ளேக்யாதர் இடம்பெற்றிருந்தார். அவரது கலை தோல்பாவைக் கூத்து. கன்னடத்தில் அதனைத் 'தொகலு கொம்பெயாட்ட' என்பர். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2020இல், இதே கலைக்காக ஆந்திரத்தின் தளவாய் சலபதி ராவ் அவ்விருதைப் பெற்றார். தர்மாவரத்தை அடுத்த நிம்மலகுண்டா அவரது ஊர். தர்மாவரம் என்றால் நம் இல்லத்தரசியருக்குப் பட்டுப்புடவைதான் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்தில் ஆட்டுத்தோலில் இராமாயணம் எழுதும் ஊர் ஒன்றும் இருக்கிறது.

கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் இக்கலையைத் தலைமுறைதோறும் போற்றிவரும் குடும்பங்களுள் பெரும்பாலானவை வீட்டில் மராத்தி வழக்கு ஒன்றையே பேசுகின்றன. குமரி, மதுரை மாவட்டங்களின் கூத்துக் குடும்பங்களும் அப்படியே. அவர்களைப் பற்றி ஆய்வாளர் அ. கா. பெருமாள் விரிவாக எழுதியுள்ளார். திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது ஊர் மக்களின் மொழி. அடுப்படியில் அமர்ந்து பேசும்போது மராத்தி. நாடோடி வாழ்வு அவர்களுக்கு வழங்கிய இரட்டை நாக்கு இது.

பாவை செய்வது பொறுமையைக் கேட்கும் வேலை. ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீங்கச் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். ஒளி ஊடுருவும் அளவுக்குத் தோல் மெலிந்த பின்னரே அதன்மேல் கோடு விழும். பிறகு சிற்றுளிகளால் துளையிடுவார்கள். சீதையின் கழுத்து மணியும் இராவணனின் மகுடமும் திரையில் மின்னுவது வண்ணத்தால் அன்று, இந்தத் துளைகள் வழியே கசியும் விளக்கொளியால்தான். இருபுறமும் சாயம் தீட்டி, தோளும் முழங்கையும் தனித்தனியே அசையுமாறு முடிச்சிட்டு, நடுவே பிளந்த மூங்கிலைப் பொருத்தினால் பாவை எழுந்து நிற்கும். ஆந்திரப் பாவைகள் ஆளுயரத்தையும் எட்டும். அவற்றுக்கு ஒரு தோல் போதாது.

கூத்துக்கு வெளியாள் தேவையில்லை. கணவர் பாவையை ஆட்ட, மனைவி பெண் பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பார். பிள்ளைகளுள் ஒருவர் தாளம், இன்னொருவர் விளக்குக்கு எண்ணெய். போர்க்காட்சி வந்தால் பலகையைக் காலால் மிதித்து இடியோசை எழுப்புவார்கள். இரவு முழுதும் கதை நடக்கும். நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து உறங்குபவர்களை எழுப்பிச் சிரிக்க வைப்பார்கள். கன்னட நாட்டில் அந்த வேலை கில்லேக்யாதனுக்கும் பங்காரக்காவுக்கும் உரியது.

லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மூதாதையர் ஊர் வட ஆர்க்காட்டில் இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு அது குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூர். அறுவடை முடிந்ததும் அங்கே பொம்மைக்காரர்களின் மாட்டுவண்டி வந்து புளியமரத்தடியில் நிற்கும் என்று பாட்டி சொல்வார். கூத்துக்குக் கட்டணம் காசாக இராது. வீட்டுக்கு இத்தனை படி கேழ்வரகு என்று ஊரார் பேசி வைத்திருப்பார்கள். கேழ்வரகு நெடுநாள் பூச்சி அரிக்காமல் இருக்கும் தானியம். வண்டியிலேயே குடித்தனம் நடத்துபவர்களுக்கு அதைவிடப் பத்திரமான சேமிப்பு வேறில்லை.

இரவெல்லாம் கூத்து என்பதால் அவர்கள் வீட்டில் பொழுது சாயும் முன்பே உலை ஏறும். மூன்று கல் கூட்டிக் களி கிண்டுவார்கள். உண்டது போக எஞ்சியதை நீரில் போட்டு வைத்தால், விடியலில் விளக்கை அணைத்துவிட்டு வருபவர்களுக்கு மோர் கரைத்த கூழ் காத்திருக்கும். ஒருநாள் அந்த அம்மாள் பாட்டியிடம் புளி கேட்டு வந்தாராம். மறுநாள் கைம்மாறாக ஒரு பூவரச இலையில் துவையல் கொண்டுவந்து கொடுத்தார். வறுத்த நிலக்கடலை, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு; நீர் சேராமல் உலக்கையால் இடித்தது. பாட்டி அதுவரை துவையலென்றால் தேங்காயும் அம்மியும் என்றே அறிந்தவர். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அதற்குப் 'பொம்மைக்காரர் துவையல்' என்றே பெயர். என் தந்தையார் வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தபோது அப்பெயரும் உடன் வந்தது. மராட்டிய நாட்டு வீடுகளில் இன்றும் இதே பொருள்களை இதே முறையில் இடித்து உலர்ந்த சட்னி செய்கிறார்கள் என்பதை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். களியைத் தெலுங்கர் சங்கடி என்பர், கன்னடர் முத்தே என்பர். வழியில் கிடைத்த தானியம் அது. துவையல் மட்டும் அவர்கள் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது.

மாட்டுவண்டிகள் நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. திரைப்படமும் தொலைக்காட்சியும் இரவுகளைக் கைப்பற்றிய பின் கூத்துக்கு அழைப்பு அருகியது. நிம்மலகுண்டாக் குடும்பங்கள் அப்போது எடுத்த முடிவு துணிவானது. அதே தோல், அதே உளி, அதே சாயம் கொண்டு விளக்குக்கூண்டுகளும் சுவர்ப்படங்களும் செய்யத் தொடங்கினர். ஆந்திரத் தோல்பாவைக் கைவினைக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. இந்த மாற்றம் குடும்பங்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் விளக்குக்கூண்டுக்குக் குரல் தேவையில்லை. சீதைக்காக அழுத பெண்களின் குரல்தான் இந்த வாணிகத்தில் விலை போகாமல் நின்றுவிட்டது. இதை இழப்பென்றே நான் கருதுகிறேன்.

இப்போது அவர்களின் பயணம் கண்காட்சிகளை நோக்கியது. தில்லியில் 1994இல் தொடங்கப்பட்ட தில்லி ஹாட்டில் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை கடைகள் கைமாறும். 1987 முதல் நடந்துவரும் சூரஜ்குண்டு மேளா பிப்ரவரியில். பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரியில் நடத்தும் சித்ரசந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அப்பரிஷத்தை நிறுவிய எம். எஸ். நஞ்சுண்ட ராவ் பழந்தோல்பாவைகளைத் தேடித் திரட்டியவர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். குமாரகிருபா சாலைப் பக்கம் செல்பவர்கள் அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

நகரக் கண்காட்சி ஒன்றில் நிம்மலகுண்டாக் குடும்பம் ஒன்றின் கடையைக் கண்டேன். கணவர் ஒரு மூலையில் அமர்ந்து உளியால் துளையிட்டுக்கொண்டிருந்தார். விலை பேசுவதும் கணக்கும் மனைவியின் பொறுப்பு. பணம் செலுத்துவதற்கான கியூஆர் அட்டை அனுமனின் வால்நுனியில் தொங்கியது. பின்புறம் நிறம் மங்கிய பெரிய பாவை ஒன்று. மாமனார் ஆட்டியதாம், விற்பனைக்கன்று.

இத்தொழிலின் வருவாய் சீரானதன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை கண்காட்சிகள் அடுத்தடுத்து வரும். மழைக்காலத்தில் வரவு மெலியும். தோலும் சாயமும் வாங்குவதற்கோ அந்த மழைக்காலத்திலேயே முதல் தேவை. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம் இவ்விடத்தில் உதவக்கூடும். அதன் 18 தொழில்களுள் மரபுவழிப் பொம்மை, விளையாட்டுப் பொருள் செய்வோரும் அடங்குவர். பிணையின்றி முதல் தவணையாக ரூ. 1 லட்சம், 18 மாதங்களில் திருப்பத் தக்கது, அதன்பின் ரூ. 2 லட்சம், 30 மாதங்களில். வட்டி 5 விழுக்காடு. கருவிகளுக்கு ரூ. 15,000. பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு நுட்பமான நிபந்தனையும் உண்டு: குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பதிவு செய்யலாம். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம். உளி பிடிப்பவர் ஒருவர், சாயம் தீட்டுபவர் ஒருவர், கடை நடத்துபவர் ஒருவர் என்றிருக்கும் வீட்டில் யார் பெயரைக் கொடுப்பது? பெரும்பாலான வீடுகளில் கேட்காமலே ஆண் பெயர் எழுதப்படும். கணக்கைக் கையில் வைத்திருப்பவர் பெயரில் பதிவதே முறை என்பது என் எண்ணம். மணமான மகன் தனிக் குடும்பமாகக் கருதப்படுவதால் அவர் தம் பெயரில் தனியே விண்ணப்பிக்கலாம்.

கண்காட்சி நாள்களில் ஆதாயத்தை மெல்லத் தின்பது உணவுச் செலவு. மூன்று பேர் பத்து நாள்கள் உணவகத்தில் உண்டால் எத்தனை கூண்டுகள் விற்க வேண்டும் என்பதை அந்த அம்மையார் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அதனால் அவர்கள் ஊரிலிருந்தே எவர்சில்வர் டப்பாக்களில் உணவு கொண்டுவருகிறார்கள். நண்பகலில் ஒன்றைத் திறந்தார். கடலையும் பூண்டும் இடித்த பொடி. அனந்தபுரத்துச் சீமையே நிலக்கடலை விளையும் மண் என்பதால் இதில் வியப்படைய ஏதுமில்லை. எங்கள் வீட்டில் அதற்கு வழங்கும் பெயரைச் சொன்னதும் அவர் கணவரைக் கூப்பிட்டு, மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பெங்களூருக்குச் சிறிய டப்பா, தில்லிக்குப் பெரிய டப்பாவாம். தில்லிக்கான பொடியில் பூண்டைப் பச்சையாக இடிப்பதில்லை. ஈரம் போகும்வரை வறுத்துச் சேர்த்தால் பதினைந்து நாளும் கெடாது என்றார்.