கரடுமுரடான சாலைக்கு எவ்வளவு காற்று?

கொல்கத்தாவின் கார்டன் ரீச் சாலைகளில், நேதாஜி சுபாஷ் கப்பல்துறையை நம்பி ஓடும் கன்டெய்னர் லாரிகளின் பாரம் தார்ப்பரப்பைச் சும்மா விடுவதில்லை. பள்ளம், ஒட்டுப்போட்ட மேடு, பெயர்ந்த ஜல்லி எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட சாலையில் பந்தய சைக்கிளுக்கு எவ்வளவு காற்று அடிப்பது?

டயர் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு வேகம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். வழவழப்பான தரையில் அது ஓரளவு சரி. டயர் நசுங்கி மீளும்போது ரப்பரில் வீணாகும் ஆற்றல், அழுத்தம் ஏறினால் குறையும். கரடுமுரடான சாலையிலோ இன்னோர் இழப்பும் சேர்கிறது. இறுகிய டயர் மேட்டை உள்வாங்காமல் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. மிதித்த சக்தி உடம்பின் அதிர்விலேயே கரைகிறது. இரண்டு இழப்புகளும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் அளவே சரியான அழுத்தம். சாலை மோசமாக ஆக, அந்த அளவு கீழே இறங்கும். அதைத் தாண்டிக் காற்றை ஏற்றினால் இழப்பு மளமளவென்று கூடும். சற்றுக் குறைத்தால் மெல்லத்தான் கூடும்.

முன்பு காற்றைக் குறைக்கத் தயங்கியதற்குக் காரணம் டியூப். பள்ளத்தில் இறங்கினால் அது ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். டியூப்லெஸ் டயரில் அந்த ஆபத்து இல்லை. சிறு துளைகளை உள்ளிருக்கும் சீலன்ட் திரவம் அடைத்துவிடும். கல் பாவிய பாதைகளுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தை 2021-இல் சோனி கோல்பிரெல்லி டியூப்லெஸ் டயரில் வென்றார்.

டயரின் அகலமும் முக்கியம். 25 மி.மீ. டயரில் 90 பிஎஸ்ஐ தரும் விறைப்பை 32 மி.மீ. டயரில் 70 பிஎஸ்ஐயே தந்துவிடும். 70 கிலோ எடையுள்ளவர் 30 மி.மீ. டயரில் பின்சக்கரத்துக்கு 60, முன்சக்கரத்துக்கு 57 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். மோசமான ஒரு பகுதியில் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு முறையும் 2 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். ரிம் தரையில் இடித்தாலோ வளைவில் டயர் நெளிந்தாலோ ஒரு படி ஏற்றுங்கள். ஹூக்லெஸ் ரிம் (டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாதது) என்றால் 72.5 பிஎஸ்ஐயைத் தாண்டவே கூடாது. வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள்: டயரின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 2.5 பிஎஸ்ஐ கூடும்.

பந்தயப் பாதையில் பெரும்பகுதி நல்ல சாலையாகவும் சிறுபகுதி மோசமாகவும் இருந்தால், மோசமான பகுதிக்கே காற்றை அமையுங்கள். நல்ல சாலையில் இழப்பது சில நொடிகள். கெட்ட சாலையில் சக்கரம் பிடியை விட்டால் பந்தயமே போய்விடும்.