கலப்புப் புனைவாக்கத்தின் இடர்ப்பாடுகள்: ஒசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்புறப் பாரத மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வெவ்வேறு கதையுலகங்களுக்குரிய மாந்தரை ஒரே கதைக்குள் சந்திக்கவைக்கும் எழுத்து, இன்று ரசிகர் புனைவின் ஒரு வகையாகப் பேசப்படுகிறது. இக்கட்டுரை அதனைக் ‘கலப்புப் புனைவு’ எனக் குறிக்கிறது. தமிழ்ப் பாரத மரபின் மூன்று கதைகளைக் கொண்டு, இத்தகைய புனைவில் மாந்தரைச் சந்திக்கவைப்பதைக் காட்டிலும் அவரவர் உலகுக்கு முறையாகத் திருப்பியனுப்புவதே கடினம் என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலப்புப் புனைவு, அல்லியரசாணி மாலை, போத்தராசன், பப்ருவாகனன், பாரதக் கூத்து.

முன்னுரை

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் அன்றாடம் புழங்கும் பகுதி ஒசூர். சிப்காட் தொழிற்பேட்டையின் வருகைக்குப்பின் தமிழகத்தின் பிற மாவட்டத்தாரும் இங்குக் குடியேறினர். இத்தொழில் நகரைச் சுற்றியுள்ள கிருஷ்ணகிரி மாவட்டச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாக்கள் இன்றும் நிகழ்கின்றன. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் துரியோதனன் படுகளம் என்பது இவ்விழாவின் பொது அமைப்பு. வியாசரின் கதையில் இல்லாத மாந்தர் பலர் இம்மரபில் இடம்பெறுகின்றனர். அவர்களை ‘இடைச்செருகல்’ என்று ஒதுக்குவது ஆய்வாளர் வழக்கம். எவ்வாறு செருகப்பட்டனர் என்று வினவினால், புனைவாக்கத்தின் நுட்பங்கள் புலப்படும்.

1. இடைவெளியைக் கண்டறிதல்

கலப்புப் புனைவின் முதல் தேவை, மூலக்கதையில் ஓர் இடைவெளி. ஆதிபருவத்தில் அருச்சுனன் மேற்கொள்ளும் தீர்த்த யாத்திரை அத்தகையது. அப்போது அவன் உடன்பிறந்தாரைப் பிரிந்து தனியே பயணம் செய்கிறான். அந்நாட்களில் அவனுக்கு நேர்வன அனைத்தையும் மூலம் சொல்லி முடிப்பதில்லை. அப்பயணத்தில் அவன் மணக்கும் மணலூர் இளவரசி சித்திராங்கதையை வில்லிபாரதம் பாண்டியன் மகளாக்கிவிட்டது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லியரசாணி மாலை, மதுரையை ஆளும் அல்லியை அருச்சுனனுக்கு எதிரே நிறுத்துகிறது. புகழேந்தியே இதன் ஆசிரியர் என்பதை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை.

2. உலக விதிகளின் மோதல்

ஒவ்வொரு கதையுலகுக்கும் ஒரு விதி உண்டு. ஆடவரை ஏற்காது தானே அரசாள்வது அல்லியின் உலக விதி. விரும்பியது கைகூடாமல் அருச்சுனன் திரும்புவதில்லை என்பது பாரதக் கதைமரபின் விதி. இரண்டும் ஒருசேர நிற்க இயலா. கண்ணன் பாம்பாட்டியாக வர, பாம்பு வடிவில் அருச்சுனன் அரண்மனைக்குள் நுழைந்து, உறங்கும் அல்லியின் கழுத்தில் தாலி கட்டுவதாக மாலை இச்சிக்கலைத் தீர்க்கிறது.

இங்கு மாலை தரும் விலை பெரிது. பெயர்பெற்ற மாந்தன் தன் இயல்பு குன்றாமல் வெளியேறுகிறான். புதிதாகப் படைக்கப்பட்டவளோ எதனால் தனித்தன்மை பெற்றாளோ அதனையே இழக்கிறாள். தாலியைக் கண்டு அவள் கொள்ளும் சினத்தை மாலை மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. எனினும் அச்சினம் கதையின் போக்கை மாற்றுவதில்லை. மிகுதியாக அறியப்பட்ட உலகம் மற்றதை விழுங்கிவிடுவது கலப்புப் புனைவின் முதன்மைக் குறை. பிற்காலத்தில் ரசிகர் புனைவு எழுதுவோரும் தமக்கு விருப்பமான நாயகனுக்காக இக்குறைக்கே ஆளாகின்றனர்.

3. திருப்பியனுப்புதல்

கலப்பு நிகழ்ந்தபின் மூலக்கதை தொடர்ந்தாக வேண்டும். அருச்சுனன் குருச்சேத்திரத்துக்குச் செல்ல வேண்டும். புதிய மாந்தர் அங்கு ஏன் முன்னிற்பதில்லை என்பதற்கு விடை வேண்டும்.

சித்திராங்கதை கதை இவ்விடையைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறது. பிறக்கும் மகன் தாய்வழி அரசுக்கே உரியவன் என்பது அவள் தந்தை விதித்த நிபந்தனை. ஆகவே பப்ருவாகனன் மணலூரில் தங்குகிறான். அசுவமேத பருவத்தில் தந்தையை அவன் போரில் வீழ்த்துவதும், உலூபி நாகமணியால் உயிர்ப்பிப்பதும் அந்நிபந்தனையிலிருந்து இயல்பாக விளைகின்றன. இலட்சுமீசரின் கன்னட ஜைமினி பாரதமும், ராஜ்குமார் தந்தை, மகன் என இரு வேடங்களிலும் நடித்த 1977ஆம் ஆண்டுத் திரைப்படமும் இக்கதையைக் கன்னட மக்களிடையே நிலைநிறுத்தின.

போத்தராசன் கதை வேறொரு வழியைக் காட்டுகிறது. தெலுங்கு நாட்டில் போதுராஜு ஊர்த்தெய்வங்களின் காவலன், பாரதத்தோடு தொடர்பற்றவன். செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஆல்ஃப் ஹில்டபைட்டல், அவன் தமிழில் போர்மன்னனாகிப் பாண்டவர் கதைக்குள் புகுந்ததை விரிவாக விளக்கியுள்ளார். போரில் வெல்வதற்கு வேண்டிய பூசைக் கருவிகள் அவன் வசம் உள்ளன. கண்ணன் கிழவியாகவும் அருச்சுனன் மணப்பெண்ணாகவும் வேடமிட்டு அவற்றைப் பெறுகின்றனர். ஈற்றில் பாண்டவரின் தங்கையை மணக்கும் போர்மன்னன், திரௌபதியின் காவலனாகிக் கோயில் முன் நிற்கிறான். இங்கும் சூழ்ச்சி உண்டு. ஆயினும் காவலன் என்னும் அவனது பழைய இயல்பு சிதையவில்லை. காக்கப்படும் தெய்வம் மட்டுமே மாறுகிறது.

அல்லியின் மகன் புலந்திரனுக்கு இத்தகைய முன்னேற்பாடு இல்லை. விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அவன் கேட்க, அருச்சுனன் பவளம் தேடிச் சென்று பவளக்கொடியை மணப்பதாக அடுத்த மாலை பிறக்கிறது. திருப்பியனுப்ப இயலாத கதை, கிளைக்கதையாகத் தொடர்கிறது. இத்தொடர்ச்சி தோல்வியன்று, சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்துக்கும், எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 1934ஆம் ஆண்டுப் ‘பவளக்கொடி’ திரைப்படத்துக்கும் அதுவே களமாயிற்று.

4. அறிந்த அவையினர்

எல்லைப்புறத்தில் மற்றோர் இடரும் உண்டு. அருச்சுனனின் தென்னாட்டு மகன் கன்னடக் கதையறிந்தவருக்குப் பப்ருவாகனன். அல்லி கதை கேட்டவருக்குப் புலந்திரன். இருசாராரும் அமரும் அவையில் ஒரு கதையைச் சொல்வோர், மற்றொன்றைப் பொய்யாக்காமல் சொல்ல வேண்டும். இரு மூலங்களையும் அறிந்தோர் முன் எழுதும் கலப்புப் புனைவாளரின் நிலையும் இதுவே.

முடிவுரை

இம்மூன்று கதைகளிலிருந்தும் பெறப்படுவன: மூலத்தின் இடைவெளியில் கலப்பு நிகழ்தல் வேண்டும், இரு உலகங்களின் விதிகளும் மதிக்கப்படுதல் வேண்டும், திரும்பும் வழி தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும். பப்ருவாகனன் கதை நிபந்தனையாலும், போத்தராசன் கதை பணியாலும் அவ்வழியைப் பெற்றன. அல்லியின் கதையோ அவள் இசைவைப் பறித்தே முடிவை எட்டியது. கலப்புப் புனைவை மதிப்பிடுவோர், மூலத்திலிருந்து அது எவ்வளவு விலகியது என்று மட்டும் அளத்தல் போதாது. சந்திப்பின் விலையை எம்மாந்தர் செலுத்தினர் என்பதையும் வினவுதல் வேண்டும்.