வன்தட்டுப் பழுதின் முன்னறிகுறிகள்

வன்தட்டுப் பழுதின் முன்னறிகுறிகள் என்பவை கணினியின் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) முற்றிலும் செயலிழக்கும் முன்னர் தோன்றக்கூடிய ஒலிகள், வேகக்குறைவு, வாசிப்புப் பிழைகள் முதலியவை ஆகும். இவற்றைக் கண்டவுடன் தரவுகளைப் படியெடுப்பதே முதற்பணியாகும். பழுதை ஆராய்வது அதன் பின்னரே.

காரணம்

வன்தட்டினுள் காந்தப்பூச்சுள்ள தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. வாசித்து எழுதும் முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றது. அதிர்ச்சியினாலோ தேய்மானத்தினாலோ முனை உரசினால் பூச்சு சிதையும். உதிரும் துகள்கள் சேதத்தைப் பெருக்கும். எனவே, பழுதான வன்தட்டு இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பைக் கூட்டக்கூடும்.

அறிகுறிகள்

* சீரான இடைவெளியில் 'டிக் டிக்' ஒலி அல்லது உரசல் ஒலி கேட்டல்
* சிறிய கோப்பைத் திறக்கவும் நெடுநேரம் ஆதல், கணினி அடிக்கடி உறைதல்
* கோப்புகள் சிதைதல், படியெடுக்கும்போது பிழை தோன்றல்
* கணினி தொடங்கும்போது சில வேளைகளில் வன்தட்டு புலப்படாமை

ஸ்மார்ட் அளவீடுகள்

வன்தட்டு தனது நிலையைத் தானே பதிவு செய்யும் வசதி ஸ்மார்ட் எனப்படும். லினக்சில் ஸ்மார்ட்சிடிஎல், விண்டோசில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஆகிய மென்பொருள்கள் மூலம் இதனைப் படிக்கலாம். செக்டர் என்பது தட்டில் தரவு எழுதப்படும் மிகச்சிறு பகுதியாகும். கவனிக்க வேண்டிய எண்கள்:

* 5: பழுதுற்றதால் மாற்றிடம் அளிக்கப்பட்ட செக்டர்கள்
* 197: படிக்க இயலாமல் ஐயத்துக்குரியவையாக உள்ள செக்டர்கள்
* 198: சோதனையில் படிக்கவே முடியாதவை
* 199: தரவு கடத்தலில் நேர்ந்த பிழைகள். இது மட்டும் உயர்ந்தால் பெரும்பாலும் இணைப்புக் கம்பியே காரணம்

கூகுள் நிறுவனத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் வருடற்பிழை தோன்றிய வன்தட்டு, அதனையடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு பிழையற்றவற்றை விட 39 மடங்காக இருந்தது. எனினும், பழுதானவற்றுள் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக, எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் காட்டவில்லை. அறிகுறி இன்மை பாதுகாப்புக்கு உறுதியன்று.

மின்தடையும் வன்தட்டும்

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலால் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. புயல் இல்லாத காலத்திலும் எதிர்பாராத மின்தடை வன்தட்டைப் பாதிக்கும். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் ஒரு செக்டர் அரைகுறையாக எழுதப்பட்டு 197ஆம் எண் உயரலாம். அவ்விடத்தில் மீண்டும் எழுதியபின் மதிப்பு குறைந்து, 5ஆம் எண்ணும் உயராதிருந்தால் தட்டில் சேதம் இல்லை எனக் கொள்ளலாம். 5ஆம் எண் தொடர்ந்து உயர்ந்தால் வன்தட்டை மாற்றுதல் வேண்டும்.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் மாணவர்கள் பெற்ற கணினிகள் வன்தட்டு கொண்டவை. மடிக்கணினியின் மின்கலம் திடீர் மின்தடையிலிருந்து காக்கும். ஆனால் இயங்கும் நிலையிலேயே பைக்குள் வைத்துப் பேருந்தில் கொண்டு செல்வது முனை உரசக் காரணமாகும்.

செய்ய வேண்டியவை

1. மீண்டும் பெற இயலாத கோப்புகளை (ஒளிப்படங்கள், ஆய்வேடு, கணக்குகள்) முதலில் வேறொரு வட்டில் படியெடுக்கவும். இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் பின்னர் நிறுவிக்கொள்ளலாம்.
2. வாசிப்புப் பிழைகள் மிகுந்தால் லினக்சில் டிடிரெஸ்கியூ மென்பொருளைப் பயன்படுத்தலாம். இது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிடும். குறிப்புக்கோப்புடன் இயக்கினால், மின்தடைக்குப் பின் விட்ட இடத்திலிருந்து தொடரும்.
3. படியெடுக்கும் முன் விண்டோசின் செக்டிஸ்க் போன்ற திருத்தும் கருவிகளை இயக்கலாகாது. அவை நலிந்த வன்தட்டை மேலும் உழைக்கச் செய்வதுடன் கோப்பமைப்பையும் மாற்றிவிடும்.
4. 'டிக் டிக்' ஒலியோ உரசல் ஒலியோ தொடர்ந்தால் உடனே நிறுத்திவிடவும். வன்தட்டைத் திறத்தல் கூடாது; தூசு புகுந்தால் மீட்பு அரிதாகும். தரவு இன்றியமையாததெனில் தூய அறை வசதியுள்ள மீட்பு நிலையத்தை நாடலாம்.

திண்மநிலை வட்டுகளில் (எஸ்எஸ்டி) சுழலும் பாகங்கள் இல்லாமையால் எச்சரிக்கும் ஒலியும் இல்லை. அவை ஓசையின்றித் திடீரெனச் செயலிழக்கலாம். ஆகவே எவ்வகை வட்டாயினும், முக்கியமான கோப்புகளுக்குக் குறைந்தது இரு படிகளை வெவ்வேறு சாதனங்களில் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறிடத்தில் பேணுவதே நம்பத்தக்க வழியாகும்.