ஊசி போட்ட உதட்டில் உருண்டை

2025 ஜூலையில் மும்பை நடிகை உர்ஃபி ஜாவேத் இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டார். உதடு இரண்டும் வீங்கிப் புடைத்திருந்தன, முகம் சிவந்திருந்தது. பார்த்தவுடன், உதட்டைப் பெரிதாக்கப் போட்ட ஊசிதான் இந்தக் கோலத்துக்குக் காரணம் என்று தோன்றும். விஷயம் நேர் எதிர். பல வருடங்களாகப் போட்டுவந்த ஃபில்லர் என்ற நிரப்பு ஜெல் சரியான இடத்தில் அமையவில்லை என்று, அதைக் கரைக்கிற ஊசியைத்தான் அவர் அன்று போட்டுக்கொண்டார். அந்த வீக்கம் கரைப்பு மருந்தின் வேலை, சில நாளில் வடிந்துவிடும். இதை மறைக்காமல் காட்டியதற்காக அவரைப் பாராட்டலாம். ஃபில்லர் போட்ட மறுநாள் படத்தைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். கரைத்த மறுநாள் படத்தைப் போடுகிறவர்கள் மிகக் குறைவு.

உதட்டுக்குள் போவது பெரும்பாலும் ஹையலூரானிக் அமில ஜெல். ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லிலிட்டர், அதாவது டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பெயரில் அமிலம் இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் நியூயார்க்கில் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் தோலிலும் மூட்டுகளிலும் இது இயல்பாகவே உண்டு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை உடம்பு தினமும் சிதைத்துப் புதிதாகச் செய்துகொள்கிறது. அதனால் இதை அப்படியே ஊசியில் ஏற்றினால் ஓரிரு நாளில் காணாமல் போய்விடும். அதன் நீண்ட இழைகளை பிடிடிஇ என்ற வேதிப்பொருளால் ஒன்றோடொன்று முடிந்துவிட்டால் ஜெல் கெட்டியாகிறது, மாதக்கணக்கில் தங்குகிறது. ஒரு காலத்தில் இந்த அமிலத்தைச் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இன்று பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். இந்த வகை ஜெல் ஐரோப்பாவில் 1996-இலும் அமெரிக்காவில் 2003 டிசம்பரிலும் அனுமதி பெற்றது.

உதட்டில் உருண்டை தட்டுப்படுகிறது என்று ஒருவர் வந்து நின்றால், விவரம் தெரிந்த தோல் மருத்துவர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். எப்போது வந்தது? உள்ளே போனது என்ன? வைத்தியம் முழுக்க இந்த இரண்டின் பதிலில்தான் தொங்குகிறது. ‘எப்படிக் கரைப்பது’ என்று நேராகத் தேடிப் போகிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

மூன்றாம் நாளில் தட்டுப்படும் உருண்டைக்குப் பெரும்பாலும் எந்த வைத்தியமும் வேண்டாம். உதட்டில் ரத்த ஓட்டம் அதிகம், தோல் மெலிசு. ஊசி பட்டால் கன்னத்தைவிட வேகமாகவும் அதிகமாகவும் வீங்கும். உள்ளே ரத்தம் கட்டி நின்றாலும் விரலுக்கு அது உருண்டையாகவே படும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்ற கோணல்கூட பாதி வீக்கத்தால் வருவதுதான். எனவே இரண்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள். அந்த இரண்டு வாரமும் கண்ணாடி முன்னால் நின்று நகத்தால் அழுத்திப் பார்ப்பதுதான் உருண்டையைவிட அதிகக் கெடுதல்.

பொறுக்கவே கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. உதட்டின் தமனி பெரும்பாலானவர்களுக்கு உட்புறச் சவ்வை ஒட்டி ஓடுகிறது, ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. ஜெல் அந்தத் தமனிக்குள் போய்விட்டாலோ வெளியிலிருந்து நெருக்கினாலோ, அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாது. உதடோ அதைச் சுற்றிய தோலோ வெளுக்கும். பிறகு வலைப்பின்னல் போலத் திட்டுத் திட்டாக நீலம் பாயும். விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு ஓரிரு நொடியில் திரும்பி வர வேண்டும், அது தாமதமாகும். வலியை மட்டும் நம்பியிருக்க முடியாது. பல ஜெல்களில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் கலந்தே வருகிறது. இது கட்டி அல்ல, அவசரம். கரைக்கும் ஊசியை நூற்றுக்கணக்கான யூனிட் அளவில், ரத்த ஓட்டம் திரும்பும்வரை மணிக்கு ஒருமுறைகூடப் போடுவார்கள். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விட்டால் தோல் செத்துத் தழும்பாகும்.

இரண்டு வாரம் கழிந்தும் நிற்பதுதான் உண்மையான உருண்டை. ஒரே இடத்தில் அதிகம் செலுத்தியிருக்கலாம்; மேலோட்டமாகப் போட்டிருக்கலாம்; பேசவும் மெல்லவும் உறிஞ்சவும் ஓயாமல் சுருங்குகிற வட்டத் தசை ஜெல்லைப் பிதுக்கி ஒரு மூலைக்குத் தள்ளியிருக்கலாம். தொட்டால் வெந்த ஜவ்வரிசி மாதிரி வழுவழுப்பாக நகரும், வலிக்காது. அது இன்னும் மென்மையாக இருந்தால் மருத்துவர் கையுறை போட்ட கட்டைவிரலை உதட்டுக்கு வெளியிலும் ஆட்காட்டி விரலை உள்ளேயும் வைத்து, நடுவில் அகப்படும் ஜெல்லை அழுத்திப் பரப்பிவிடுவார். சிறிய மேடுகள் பல இதிலேயே சமமாகிவிடும். வீட்டில் செய்யலாமா என்றால், எங்கே, எவ்வளவு அழுத்தம் என்று அவர் காட்டிக்கொடுத்த பிறகு செய்யலாம்.

அதற்கும் மசியாததற்குத்தான் ஹையலூரானிடேஸ் என்ற நொதி. குப்பியில் வெள்ளைப் பொடியாக வரும். உப்புநீரில் கரைத்து, மிக மெல்லிய ஊசியால் உருண்டையின் நடுவிலேயே செலுத்துவார்கள். சிறு உருண்டை என்றால் சில யூனிட்டுகளிலிருந்து சில பத்து யூனிட்டுகள்வரை போதும். போட்டதும் சுருக்கென்று எரியும். பிறகு அதே இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களில் உருண்டையின் விளிம்பு மழுங்குவது விரலுக்கே தெரியும். ஒன்றிரண்டு நாளில் கரைப்பு முடிகிறது. கெட்டியாக முடியப்பட்ட ஜெல் என்றால் இன்னொரு தவணை தேவைப்படும். நல்ல கை கொஞ்சமாகப் போட்டுப் பொறுத்துப் பார்க்கும்; அவசரக் கை மொத்தத்தையும் கரைத்து உதட்டைச் சப்பையாக்கிவிடும்.

இந்த நொதியின் கதை அழகுக்கலையில் தொடங்கவில்லை. 1928-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிரான்சிஸ்கோ டுரான்-ரெய்னால்ஸ், விலங்கின் விந்தகத்திலிருந்து எடுத்த சாற்றைக் கலந்தால் தோலுக்குள் செலுத்திய வைரஸ் வழக்கத்தைவிட வேகமாகப் பரவுவதைக் கவனித்தார். பரப்பும் அந்தப் பொருள் என்னவென்று பத்தாண்டுகள் தெரியவில்லை. அது ஹையலூரானிக் அமிலத்தை அறுக்கும் நொதிதான் என்று 1939 வாக்கில் காட்டியவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் செயின். பின்னாளில் பென்சிலினுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே செயின்தான். பாம்பின் விஷத்திலும் தேனீ, குளவியின் கொடுக்கிலும் இதே வகை நொதி இருக்கிறது; செல்களுக்கு இடையில் உள்ள கூழை இளக்கி, விஷம் உள்ளே ஓட வழி செய்வது அதன் வேலை. நம் ஊரில் கண்புரை அறுவைக்குப் போனவர்களில் பலருக்கு இது தெரியாமலே அறிமுகம்: கண்ணை மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து சீக்கிரம் பரவ, அதில் கொஞ்சம் ஹையலூரானிடேஸ் சேர்ப்பார்கள்.

கொடுக்குச் சமாச்சாரம் வெறும் சுவாரசியத்துக்காகச் சொன்னதில்லை. குளவியோ தேனீயோ கொட்டி மூச்சுத் திணறியவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்த ஊசியும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். மற்றவர்களுக்கும், அவசரம் இல்லாதபோது, முன்கையில் துளி போட்டு அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் தொடர்வது நல்ல பழக்கம். நம் உதட்டில் இயல்பாக இருப்பதையும் இது சேர்த்து அழித்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவு கரைக்கத்தான் செய்யும். ஆனால் உடம்பு தினமும் செய்துகொண்டிருக்கிற சரக்கு அது, இழந்ததை ஈடுகட்டிவிடும்.

ஜெல் தோலுக்கு மிக அருகில் கிடந்தால் உருண்டையோடு இலேசான நீலச் சாயலும் தெரியும். இது ரத்தக்கட்டு இல்லை. ஜெல்லில் பட்ட ஒளியில் நீல அலை அதிகம் சிதறித் திரும்புவதால் வருவது; இயற்பியலாளர் ஜான் டிண்டாலின் பெயரால் டிண்டால் விளைவு என்கிறார்கள். மேலுதட்டின் விளிம்பைத் தாண்டி ஜெல் ஏறி, மீசை அரும்பும் இடத்தில் தடித்து நிற்பதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து அதே நொதிதான். மேடு தெரியாமல் இருக்க மேலும் கொஞ்சம் ஜெல் போட்டு நிரவலாம் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

எல்லாம் சரியாகி மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துத் திடீரென்று சிவந்து, சூடாக, வலியோடு வரும் முடிச்சு வேறு சாதி. காய்ச்சல், பல் வைத்தியம், தொற்று எதையாவது தொடர்ந்து வரலாம். 2020-இல் மாடர்னாவின் கோவிட் தடுப்பூசிச் சோதனையில், முன்பு ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு அந்த இடம் வீங்கியதை அமெரிக்க மருந்து நிர்வாகமே பதிவு செய்தது, வீக்கம் தணிந்தும்விட்டது. உடம்பின் எதிர்ப்பு ஜெல்லைத் தாமதமாக அடையாளம் கண்டுகொண்டதா, அல்லது ஊசியோடு உள்ளே போன கிருமிகள் ஜெல்லைச் சுற்றிப் படலம் கட்டிப் பதுங்கியிருந்தனவா என்று வெளிப் பார்வைக்குப் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் கிருமி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக் முதலில் வரும், பிறகு அதன் பாதுகாப்பில் நொதி. ஸ்டீராய்டு ஊசியை எடுத்தவுடன் போட்டால், ஒளிந்திருக்கும் தொற்று வலுத்துவிடலாம்; ஸ்டீராய்டின் அளவு அதிகமாகிவிட்டால் உதட்டில் பள்ளமும் விழும்.

இனி இரண்டாம் கேள்வி: உள்ளே போனது என்ன? நொதி அறுப்பது ஹையலூரானிக் அமிலத்தை மட்டுமே. சிலிக்கோன், பிஎம்எம்ஏ மணிகள், பாலிஅக்ரிலமைடு போன்ற மற்ற ஃபில்லர்கள் எதையும் அது தொடாது. கால்சியம் கலந்த ஃபில்லர் கன்னத்தில் சரி. உதட்டில் முடிச்சு விழுவதால் அங்கே போடுவதில்லை. வியன்னாவில் மருத்துவர் ராபர்ட் கெர்சுனி 1899-இல் பாரஃபினை ஊசியில் ஏற்றத் தொடங்கிய காலத்திலிருந்தே, கரையாத பொருளை உடம்பு சுற்றி வளைத்துத் தடித்த கட்டியாக்குவதை மருத்துவர்கள் பார்த்துவருகிறார்கள். அப்படிப்பட்டவற்றுக்கு ஸ்டீராய்டும் ஃபைவ்-ஃபுளோரோயூராசில் என்ற மருந்தும் கலந்து கட்டிக்குள் தவணை தவணையாகச் செலுத்திச் சுருக்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் கத்திதான், தழும்போடு. உள்ளே இருப்பது என்னவென்று போட்டவருக்கே தெரியாத கேஸ்களில் இப்போது அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. ஹையலூரானிக் ஜெல் திரையில் கறுப்புக் குட்டையாகத் தெரியும்; சிலிக்கோன் பின்னால் உள்ள அனைத்தையும் வெண்புகையாக மறைத்துவிடும்.

தெரியாமல் போட்டுக்கொள்வது எப்படி என்று கேட்கலாம். இங்கிலாந்தில் அழகுச் சிகிச்சைகள் குறித்து 2013-இல் வெளியான கியோ அறிக்கை, ஃபில்லர் போட்டுக்கொள்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பால்பாயின்ட் பேனாவோ பல் துலக்கும் பிரஷ்ஷோ வாங்குபவருக்கு உள்ளதைவிட அதிகமில்லை என்று எழுதியது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைப் பீய்ச்சும் பேனாக்கள் இணையத்தில் விற்கின்றன; அவற்றை உபயோகிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் எச்சரித்தது. பெயர் தெரியாத ஜெல், ஆழம் தெரியாத பீய்ச்சல். உள்ளே போனது என்ன என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

முறையான ஃபில்லர் பெட்டியில் சிரிஞ்சோடு உரித்து ஒட்டும் சிறு லேபிளும் வரும்; ஜெல்லின் பெயரும் தொகுதி எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். ஒன்று மருத்துவரின் கோப்புக்கு, இன்னொன்று போட்டுக்கொண்டவருக்கு. ஊசி போடுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஹையலூரானிடேஸ் குப்பி இதே அறையில் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.